மின்சார சைக்கிள்: விளம்பரத்தில் ஓடும் தூரமும் நம் தெருவில் ஓடும் தூரமும்

சங்கக் கூட்டங்களுக்கு வரும் அன்பர்கள் சில மாதங்களாக என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாமா? ஒரு தடவை சார்ஜ் போட்டால் உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" கேட்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போல் பணி ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். ஸ்கூட்டர் ஓட்டக் கை நடுங்குகிறது. சாதா சைக்கிள் மிதிக்க முழங்கால் ஒத்துழைப்பதில்லை. லேக் மார்க்கெட்டுக்குப் போய் நல்ல கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி வரக்கூட இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு இந்தக் கேள்வி, வீட்டைவிட்டு வெளியே போய்வரும் சுதந்திரத்தைப் பற்றிய கேள்வி. ஆகவே இதைச் சற்று விளக்கமாகவே எழுதலாம் என்று தோன்றியது.

நான் டிப்ளமோ முடித்துத் தென்கிழக்கு ரயில்வேயின் மின்சாரப் பிரிவில் சேர்ந்தவன். ரயில் பெட்டிகளின் விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் தரும் 110 வோல்ட் பேட்டரிகளோடு பல ஆண்டுகள் பழகியிருக்கிறேன். இன்றும் பி.என்.ஆர். என்ற பழைய பெயரால் பலர் அழைக்கும் தலைமை அலுவலகம் இருக்கும் கார்டன் ரீச்சிலேயே ஓய்வுக்குப் பிறகும் தங்கிவிட்டேன். இரண்டு வருடங்களுக்கு மேலாக ஒரு மின்சார சைக்கிளை ஓட்டி, எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று நோட்டில் குறித்தும் வருகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைப் பேட்டரி மட்டும் தீர்மானிப்பதில்லை. மோட்டாரின் உதவியை நாம் எந்த அளவில் வைக்கிறோம், எந்த வேகத்தில் போகிறோம், எத்தனை முறை நின்று கிளம்புகிறோம் என்ற மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஒரே பேட்டரி ஒருவருக்கு 20 கிலோமீட்டரும் இன்னொருவருக்கு 50 கிலோமீட்டரும் தரும். இதில் மாயம் ஒன்றும் இல்லை, கணக்குத்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு

சைக்கிளில் மோட்டார் பொருத்தும் யோசனை புதிதல்ல. ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் 1895-ஆம் ஆண்டிலேயே பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அக்காலப் பேட்டரியின் எடை அந்த யோசனையை நெடுங்காலம் முடக்கிப் போட்டது. ஜப்பானின் யமாஹா நிறுவனம் 1993-இல் வெளியிட்ட 'பாஸ்' என்ற சைக்கிளில்தான், நாம் மிதிக்கும் பலத்தை அளந்து அதற்கேற்ப மோட்டார் உதவும் முறை பெரிய அளவில் சந்தைக்கு வந்தது. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரி பிறகு எடைப் பிரச்சினையையும் தீர்த்தது. அந்தப் பேட்டரிக்கு அடிப்படை அமைத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆசன்சோலின் சென்-ராலே சைக்கிளையும், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளையும் ஓட்டி வளர்ந்த தலைமுறை நாம். இன்றைய மின்சார சைக்கிளும் அடிப்படையில் அதே சைக்கிள்தான். சக்கரத்தின் நடுவில் ஒரு மோட்டார், சட்டத்தில் ஒரு பேட்டரி, இரண்டுக்கும் நடுவே கன்ட்ரோலர் என்ற சிறு பெட்டி, ஹேண்டில்பாரில் அளவு காட்டும் டிஸ்ப்ளே ஆகிய நான்கும் கூடுதல்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் அரைமணி நேரச் சக்தி 250 வாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் சான்றும் இருந்தால், அந்த வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "வேகத்தைத் திறந்து விடுகிறேன் சார், 35-இல் போகும்" என்று சில கடைக்காரர்கள் ஆசை காட்டுவார்கள். டிஸ்ப்ளேயில் வேக வரம்பைக் கூட்டினாலோ, சக்கர அளவை உண்மையைவிடச் சிறியதாகப் பதிந்தாலோ இது நடக்கும். அப்படிச் செய்த கணமே அது பதிவு இல்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. யார் மீதாவது மோதி வழக்கு வந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர் அல்ல, ஓட்டியவர்தான். தவிர, சைக்கிளின் பிரேக்கும் முன் ஃபோர்க்கும் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இன்னொன்று. கொல்கத்தாவில் பல பெரிய சாலைகளில் காவல்துறை சைக்கிளுக்குத் தடை விதித்திருக்கிறது. மோட்டார் இருந்தாலும் இது சைக்கிள்தான். பலகையைப் பார்த்து உள்தெரு வழியாகப் போவது நல்லது. நமக்கும் அங்கேதான் நிம்மதி.

பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது?

வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 36 வோல்ட், 8 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் 288 வாட்-மணி. வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. ஆக இந்தப் பேட்டரியில் அடங்குவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும், ஒரு முழு சார்ஜுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் ஆகாது. கடைசிச் சொட்டு வரை பேட்டரியை இறக்கக் கூடாது என்பதால், உபயோகத்துக்கு 260 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம்.

வேகம் என்ன விலை கேட்கிறது?

ஓட்டுபவர் 68 கிலோ, வண்டி 20 கிலோ, மார்க்கெட் பை 7 கிலோ, ஆக மொத்தம் 95 கிலோ என்று கொள்வோம். சமதரையில், காற்றில்லாத நேரத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய இவ்வளவு:

மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் 64 வாட்
மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 110 வாட்
மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் 180 வாட்

வேகம் 15-இலிருந்து 25 ஆகும்போது சக்தி ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. காரணம் காற்று. தரையில் டயர் உருளும் தடை வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அதனால்தான் எதிர்காற்று நம்மை இவ்வளவு படுத்துகிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் எதிர்காற்றில் 15-இல் போனால், உடம்பின் மீது படும் காற்று 25-இல் போகும்போது படுவதற்குச் சமம். சித்திரை, வைகாசி மாலைகளில் தெற்கே பார்த்து ஓட்டுபவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் மூச்சு வாங்காமல் 60 வாட் வரை மிதிக்கலாம். அப்படியானால் 15-இல் மோட்டாருக்கு வேலையே இல்லை. 20-இல் அது 50 வாட் தந்தால் போதும். 25-இல் 120 வாட் தர வேண்டும். மிதிக்காமல் ஆக்சிலரேட்டரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 180 வாட்டும் மோட்டார் தலையில். மோட்டாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து, வாங்கும் மின்சாரத்தில் முக்கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகின்றன. மீதி வெப்பமாகப் போகிறது. இதையும் சேர்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு, 20-இல் மிதித்தால் 3.3 வாட்-மணி, 25-இல் மிதித்தால் 6.4, 25-இல் மிதிக்காமல் போனால் 9.6.

நின்று கிளம்புவதன் செலவு

மேலே சொன்னது நிற்காமல் போனால். நம் ஊரில் அது எங்கே நடக்கிறது? டோட்டோ குறுக்கே வரும், கன்டெய்னர் லாரி திரும்பும், சிக்னல் விழும், யாரோ ஒரு தாதா பேசிக்கொண்டே சாலையைக் கடப்பார்.

கிதிர்ப்பூர் பக்கம் ஓடிய பழைய டிராமை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். டிரைவர் கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்புவார் அல்லவா? கிளம்பும் நேரத்தில் மோட்டாருக்கு முழு மின்னழுத்தம் கொடுத்தால் கருகிவிடும் என்பதால், நடுவில் ரெசிஸ்டன்ஸ் வைத்து மின்சாரத்தின் ஒரு பகுதியை வெப்பமாக எரிப்பார்கள். அந்தப் படிகளில் அதிக நேரம் நிற்கக் கூடாது என்பது ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரும் பாடம். சைக்கிளில் ரெசிஸ்டன்ஸ் இல்லை, எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் இருக்கிறது. ஆனாலும் மெதுவாகச் சுழலும் மோட்டார் ஆம்பியரை நிறைய இழுத்து, அதில் பெரும்பகுதியைத் தாமிரக் கம்பியில் சூடாக்கியே கழிக்கிறது. ஹப் மோட்டார் தன் உச்ச வேகத்தில் முக்கால் பங்குக்கு மேல் சுழலும்போதுதான் நன்றாக உழைக்கும். பாதி வேகத்துக்குக் கீழே, தரும் மின்சாரத்தில் பாதி வீண் என்று வைத்துக்கொள்ளலாம்.

நின்ற இடத்திலிருந்து 20 வேகம் எட்ட, மோட்டாரை மட்டும் நம்பினால் 0.8 வாட்-மணி ஆகும். 25 எட்ட 1.3 ஆகும். கிலோமீட்டருக்கு இரண்டு நிறுத்தம் என்று எடுத்து, மேலே கண்ட கணக்கோடு கூட்டினால் 260 வாட்-மணியில் போகக்கூடிய தூரம் இதோ:

20-இல், மிதித்துக்கொண்டு: சுமார் 53 கி.மீ.
25-இல், மிதித்துக்கொண்டு: சுமார் 29 கி.மீ.
25-இல், மிதிக்காமல்: சுமார் 21 கி.மீ.

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் "60 கிலோமீட்டர் ஓடும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து வண்டி வாங்கினார். 22 கிலோமீட்டரில் நின்றுவிட, மே மாத வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தார். விற்றுவிடப் போவதாகச் சொன்னவரின் வண்டியை வாங்கிப் பார்த்தேன். பேட்டரியில் குறையே இல்லை. உதவி எப்போதும் ஐந்தாம் நிலையில் இருந்தது, மிதிப்பதும் இல்லை. விளம்பரத்தின் தூரம் பெரும்பாலும் எடை குறைந்த ஆள், சமமான சாலை, குறைந்த உதவி என்ற கணக்கில் வருவது. இன்று அவர் இரண்டாம் நிலையில் வைத்து, லேக் மார்க்கெட்டுக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் போய், அதே தூரம் திரும்பி வருகிறார். மறுநாளும் சார்ஜ் போடாமல் ஒருமுறை போய்வர முடிகிறது.

பாலத்தைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 30-க்கு 1 என்ற சரிவில் 6 மீட்டர் உயரம் ஏற ஆகும் கூடுதல் செலவு 2 வாட்-மணி அளவுதான். அதாவது இரண்டு மூன்று முறை நின்று கிளம்புவதற்குச் சமம். 2018-இல் இடிந்து 2020-இல் புதிதாகத் திறந்த மாஜேர்ஹாட் பாலம் போன்ற ஏற்றங்களில் சக்தி அதிகம் தேவைதான், ஆனால் கொஞ்ச நேரத்துக்கே தேவை. அங்கே உதவியைக் கூட்டிக்கொள்ளுங்கள், இறங்கியதும் குறைத்துவிடுங்கள்.

உங்கள் வண்டி எந்த ரகம்?

உதவி நிலைகளை அமைப்பதற்குமுன் உங்கள் வண்டியின் ரகம் தெரிய வேண்டும். பெடல் சுற்றுவதை மட்டும் உணரும் வண்டிகள் ஒரு ரகம். பெடல் அச்சில் காந்தங்கள் பதித்த வட்டத்தகடு ஒன்று இருக்கும். நீங்கள் அழுத்தி மிதிக்கிறீர்களா, சும்மா சுற்றுகிறீர்களா என்று அதற்குத் தெரியாது. பெடல் சுழன்றால் மோட்டார் ஓடும். விலை குறைந்த வண்டிகள் பெரும்பாலும் இந்த ரகமே. மிதிக்கும் அழுத்தத்தையும் அளக்கும் வண்டிகள் இன்னொரு ரகம். நீங்கள் பலம் கொடுத்தால் அதுவும் கொடுக்கும், நீங்கள் தளர்ந்தால் அதுவும் தளரும். விலை அதிகம், ஆனால் அதே பேட்டரியில் கூடுதல் தூரம் வரும்.

முதல் ரகத்திலும் இரண்டு வகை உண்டு. சிலவற்றில் ஒவ்வொரு நிலையும் ஒரு வேக எல்லை. ஒன்றில் 12, இரண்டில் 15 என்பதுபோல. அந்த வேகம் வந்ததும் மோட்டார் ஓய்ந்துவிடும். மற்றவற்றில் ஒவ்வொரு நிலையும் ஒரு மின்னோட்ட அளவு. ஒன்றில் கொஞ்சம், ஐந்தில் முழுவதும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மோட்டார் உள்ள சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, முதல் நிலையில் பெடலைக் கையால் சுற்றுங்கள். குறைந்த வேகத்திலேயே சக்கரம் நிலைத்தால் வேக எல்லை வகை. முதல் நிலையிலும் உச்ச வேகம் வரை பறந்தால் மின்னோட்ட வகை. சேலை முந்தானை, வேட்டி, விரல் எதுவும் சக்கரத்தின் அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த அமைப்பை எப்படி வைப்பது?

டிஸ்ப்ளேயில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அமைப்புப் பக்கம் வரும். எந்தப் பொத்தான்கள், எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் உடன் வந்த கையேட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுமுன் பழைய எண்களை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

1. சக்கர அளவு: டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அங்குலமும் டிஸ்ப்ளேயில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இது தவறினால் வேகம், தூரம் இரண்டும் பொய்யாகக் காட்டும்.

2. மின்னோட்ட வரம்பு: மோட்டாரில் 250 வாட் என்று எழுதியிருந்தாலும், சிறிது நேரத்துக்கு அதைவிட அதிகம் இழுக்கும். ரயில் எஞ்சின் மோட்டாருக்கும் ஒரு மணி நேரச் சக்தி வேறு, தொடர்ச்சியான சக்தி வேறு என்பதுபோல. கன்ட்ரோலரின் வரம்பு 15 ஆம்பியர் என்றால் 36 வோல்ட்டில் 540 வாட் வரை பேட்டரியிலிருந்து போகும். மாற்ற வசதி இருந்தால் 10 ஆம்பியராகக் குறையுங்கள். பேட்டரிக்குள் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தில் மாறும். ஆகவே 15-ஐ 10 ஆக்கினால் அந்த உள்நஷ்டம் பாதிக்கும் கீழே வந்துவிடும். கிளம்பும்போது சீறிப் பாயாது. பெரியவர்களுக்கு அதுவே பாதுகாப்பு.

3. மென்மையான துவக்கம்: பெடலை மிதித்ததும் மோட்டார் உடனே இழுக்க வேண்டுமா, மெல்ல மெல்லவா என்ற அமைப்பு. மெல்ல என்பதிலேயே வையுங்கள். காலியாக நிற்கும்போது பெடலில் கால் பட்டு வண்டி முன்னால் பாய்வதும் இதனால் குறையும்.

4. குறைந்த மின்னழுத்த வெட்டு: 36 வோல்ட் பேட்டரி 31 வோல்ட் அளவுக்கு இறங்கினால் கன்ட்ரோலர் நிறுத்திவிடும். இன்னும் நாலு கிலோமீட்டர் ஓடட்டும் என்று இந்த எண்ணைக் குறைக்காதீர்கள். லித்தியம் செல் அதற்குக் கீழே போனால் கெடும். கெட்ட செல்லுக்கு மறுபடி சார்ஜ் ஏற்றுவது ஆபத்து.

5. வேக வரம்பு: 25-ஐத் தொடாதீர்கள். வேண்டுமானால் 20 ஆகக் குறைக்கலாம். தூரம் எவ்வளவு கூடும் என்பதை மேலே பார்த்தோம்.

ஓட்டும் முறையும் சொல்கிறேன். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கியர் இருந்தால் இலகுவான பல்லில் வைத்து, முதல் இரண்டு மூன்று மிதி நம் காலால் கொடுங்கள். அடுத்து முதல் நிலை, வேகம் பிடித்ததும் இரண்டாம் நிலை. சிக்னல் தூரத்தில் தெரியும்போதே மிதிப்பதை நிறுத்தி வண்டியை அதன் போக்கில் உருள விடுங்கள். நல்ல லோகோ பைலட் ஸ்டேஷன் வருமுன்பே மின்சாரத்தை நிறுத்தி வண்டியை உருளவிட்டு மிச்சம் பிடிப்பார். அதே பழக்கம் இங்கும் பலன் தரும்.

ஐந்து நிமிட வேலை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் லாபம்

டயரில் காற்று குறைந்தால் உருளும் தடை ஒன்றரை மடங்காகக்கூட ஆகும். நம் கணக்கில் 53 கிலோமீட்டர் ஓடிய வண்டி அப்போது 39-இல் நின்றுவிடும். பேட்டரி வீணாகிவிட்டது என்று நம்மிடம் கொண்டுவரும் வண்டிகளில் முதலில் நான் பார்ப்பது டயரை. வாரம் ஒருமுறை காற்று, மாதம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய், பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா என்ற ஒரு பார்வை. இவ்வளவே போதும்.

பேட்டரியின் ஆயுளும் வீட்டின் பாதுகாப்பும்

வண்டியின் விலையில் பெரும்பகுதி பேட்டரி. 36 வோல்ட் பேட்டரி முழுதாக நிறைந்தால் 42 வோல்ட் காட்டும். ஓட்டாமல் சற்று நேரம் வைத்துப் பார்த்தால் 37 என்பது ஏறக்குறைய பாதி, 35 என்றால் சார்ஜ் போடும் நேரம். ஏற்றத்தில் காட்டி சட்டென்று இறங்கி, பிறகு மேலே வருவது இயல்பு. அதைக் கண்டு பதற வேண்டாம்.

அன்றாட உபயோகத்துக்கு 80 சதவீதம் வரை ஏற்றினால் போதும். வெளியூர் போய் ஒரு மாதம் வண்டியைத் தொடமாட்டீர்கள் என்றால் பாதி சார்ஜில் நிழலில் வைத்துவிட்டுப் போங்கள். வெயிலில் வந்த பேட்டரியை அரைமணி நேரம் ஆறவிட்டு சார்ஜ் போடுங்கள். டொராண்டோ, லண்டன் பக்கம் இருக்கும் நம் உறவினர்களுக்குச் சிக்கல் வேறு. குளிரில் தூரம் நன்றாகக் குறையும். உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றவே கூடாது.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நியூயார்க் நகரில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் உயிரிழந்தார்கள். சோதனைச் சான்று இல்லாத மின்சார சைக்கிளையும் பேட்டரியையும் விற்பதற்கு அந்நகரம் அதே ஆண்டில் தடை விதித்தது. கொல்கத்தாவின் பழைய கட்டடங்களில் பல, ஒரே மாடிப்படி உள்ளவை. மீட்டர் பலகையும் படிக்கட்டின் கீழேயே இருக்கும். அங்கே வண்டியை நிறுத்தி இரவெல்லாம் சார்ஜ் போட்டால், தீப்பிடித்தால் தப்பிக்கும் வழியே அடைபட்டுப்போகும். ஆகவே:

வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் பொருத்தாதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில், வாசல் வழியை மறைக்காத இடத்தில், தரை மீது வைத்து சார்ஜ் போடுங்கள். மெத்தை, திரைச்சீலை, செய்தித்தாள் பக்கத்தில் வேண்டாம். 2 ஆம்பியர் சார்ஜரில் 20-இலிருந்து 80 சதவீதத்துக்கு இரண்டரை மணி நேரமே ஆகும். இரவு முழுவதும் தேவையில்லை. கீழே விழுந்து அடிபட்ட, வீங்கிய, வழக்கத்துக்கு மாறான வாசனை வரும் பேட்டரியை உபயோகிக்காதீர்கள். புகை வந்தால் அணைக்க முயலாமல் எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்தி, 101-ஐ அழையுங்கள்.

மழைக்காலத்துக்கும் ஒரு வார்த்தை. தூறலிலும் தெறிக்கும் நீரிலும் ஓட்டலாம். தேங்கிய நீர் சக்கரத்தின் நடு அச்சுவரை வந்தால் இறங்கிவிடுங்கள், மோட்டாருக்குள் நீர் புகும். 36 வோல்ட் நம்மைக் கொல்லாது. சார்ஜருக்கு வரும் 230 வோல்ட் கொல்லும். 2025 செப்டம்பர் 23-இல் பெய்த பேய்மழையின்போது இந்நகரத்தின் தேங்கிய நீரில் மின்சாரம் தாக்கிப் பலர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஈரமான பேட்டரியை, ஈரமான தரையில், ஈரக்கையால் சார்ஜ் போடவே வேண்டாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு தகவல். "வரும்போது நல்ல பேட்டரி வாங்கி வருகிறேன் அப்பா" என்று சொன்னால் தடுத்துவிடுங்கள். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணி விமானத்தில் கையிலோ பெட்டியிலோ கொண்டுவர அனுமதி இல்லை. நம் சிறிய பேட்டரியே 288. விமான நிலையத்தில் பறிகொடுக்க வேண்டியதுதான். தேய்ந்த பேட்டரியை பிக்ரிவாலாவிடம் எடைக்குப் போடாமல் விற்ற கடையிலேயே ஒப்படையுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன.

வாங்கலாமா?

ஒரு நாளில் போய்வரும் தூரம் 25 கிலோமீட்டருக்குள் இருந்து, கொஞ்சமாவது மிதிக்க முடியும் என்றால், 36 வோல்ட், 8 ஆம்பியர்-மணி வண்டி தாராளமாகப் போதும். பெரிய பேட்டரிக்கு அதிகப் பணம் கொடுப்பதைவிட, அழுத்தம் உணரும் வண்டிக்கும் நல்ல பிரேக்குக்கும் அந்தப் பணத்தைக் கொடுங்கள். கடையில் ஓட்டிப் பார்க்கும்போது மோட்டாரை அணைத்துவிட்டும் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். பேட்டரி தீர்ந்தால் அந்தக் கனத்தில்தான் வீடு திரும்ப வேண்டும். அப்படி மிதிக்கவே முடியவில்லை என்றால் அந்த வண்டி உங்களுக்கு ஏற்றதல்ல. முழங்கால், இருதயம், நிதானம் தொடர்பான தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யவும். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை என்று கடைக்காரர் சொல்வார். மண்டைக்குச் சட்டம் தெரியாது, போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் புதுப் பேட்டரி வாங்க ஓடுமுன், ஒரு மாதம் டயரில் சரியாகக் காற்றடித்து, உதவியை இரண்டாம் நிலைக்கு இறக்கி, கிளம்பும்போது காலால் மிதித்து ஓட்டிப் பாருங்கள். தினமும் ஓடிய கிலோமீட்டரையும் பேட்டரியின் வோல்ட்டையும் ஒரு நோட்டில் குறியுங்கள். அந்த நோட்டோடு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். உங்கள் வண்டிக்கும் உங்கள் தெருவுக்கும் ஏற்ற கணக்கை நாம் சேர்ந்து உட்கார்ந்து போட்டுவிடலாம்.